பங்கு கேட்கும் பேச்சு

நமது புதுச்சேரியில் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை. கடற்கரைச் சாலையில் ஒரு விழா, கல்யாண மண்டபத்தில் ஒரு பாராட்டு என்று மாதத்தில் நாலைந்துக்காவது நாம் அழைக்கப்படுகிறோம். பிரசங்கியார் தலைவரை விளித்து, முன்னிலை வகிப்போரை விளித்து, பொன்னாடை போர்த்தியவரையும் போர்த்தப்பட்டவரையும் விளித்து முடிப்பதற்குள், சபையோரில் பாதிப்பேர் காபி இருக்குமிடத்தை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். விழாவில் இதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் பிறருடைய பணத்தைத் தன் தொழிலுக்குக் கேட்பதற்காக எழுந்து நிற்பவன் அவ்விதம் பேசினால், அவன் என்ன கேட்க வந்தான் என்பதே தெரியாமல் ஜனங்கள் வீடு போய்ச் சேருவார்கள்.

உறவுமுறையில் நமக்கு மகனாகும் இளைஞன் ஒருவன் சென்ற ஆண்டில் வில்லியனூர்ப் பக்கம் ஒரு மரச்செக்கு வைக்க உத்தேசித்தான். பாங்கியில் ஒரு பங்கு கடன் கிடைத்தது. மீதிக்கு உறவினரும் அறிமுகமானவருமாகப் பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அழைத்துப் பேசுவதென்று ஏற்பாடு. "சித்தப்பா, பத்து நிமிஷப் பேச்சுதான். எழுதிவிட்டேன். ஒரு முறை பார்த்துக் கொடுங்கள்" என்று ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்தான். பதினான்கு பக்கம்! முதற் பக்கத்தில் ஒரு குறள். அதன்பின் முன்னோரின் தேக திடம். பிறகு, சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் நம் துறையிலிருந்து மர்சேய் பட்டணத்துக்கு நிலக்கடலை மூட்டை மூட்டையாகக் கப்பலேறிய பெருமை. எல்லாம் உண்மையே, படிக்கவும் நன்றாகத்தான் இருந்தது. ஆயின் பணம் என்ற சொல் பதின்மூன்றாம் பக்கத்தில்தான் தலை காட்டிற்று.

கட்டை அப்படியே கவிழ்த்து வைக்கச் சொன்னோம். ஒரு துண்டுக் காகிதத்தில், யாரிடம், எவ்வளவு, எதற்கு, திரும்ப எப்போது என்ற நான்குக்கும் விடை எழுதும்படி கூறினோம். அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். "எதற்கு" என்பதற்கு மட்டும் விடை வந்தது. "எவ்வளவு" என்பதை இரண்டு முறை அடித்து எழுதினான். "எப்போது" என்ற இடம் வெகு நேரம் வெறுமையாகவே இருந்தது. நம்மைக் கேட்டால், பேச்சைத் தயாரித்த காலம் அந்த அரைமணிதான். மற்றதெல்லாம் பிரதியெடுக்கும் வேலை.

வள்ளுவர் பொருட்பாலில் அவையறிதலை 72-ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமையை 73-ஆம் அதிகாரமாகவும் வைத்திருக்கிறார். இக்காலத்தில் பேச்சுக்கலை போதிப்பவர்களோ பெரும்பாலும் அச்சம் தீர்ப்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். நம் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை நேயர்கள் பார்த்திருக்கக்கூடும். 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட அதில், துபாஷியாகிய அவர் எவர் வந்தார், என்ன கேட்டார், கவர்னர் எந்த மனநிலையில் என்ன பதில் சொன்னார் என்பதை எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறார்! கேட்பவரை அப்படி அறிந்தவனுக்குத் தைரியம் தானாக வரும் என்பது நமது அபிப்பிராயம்.

ஆகவே பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தோம். பெரிய கடைத்தெரு வியாபாரி ஒருவர். அவருக்குக் கணக்குப் போதும், வர்ணனை வேண்டாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் பெறும் "சொல்தா" பெரியவர் ஒருவர். யார் கையெழுத்துப் போடுவது, எந்தப் பத்திரத்தில் என்று அவர் கேட்பார். ஓய்வுபெற்ற உபாத்தியாயினி அம்மாள் ஒருவர். சேமிப்பு ஒன்றே அவருக்குத் துணை. இம்மூவருக்கும் புரிந்தால் மற்றவருக்கும் புரியும் என்று தீர்மானித்தோம். நூறு கிலோ பருப்பை ஆட்டினால் ஏறக்குறைய நாற்பது கிலோ எண்ணெய், மீதி பிண்ணாக்கு என்ற ஒரே கணக்கை எடுத்து, கூலி, மின்சாரம், வாடகை, பாங்கி வட்டி எல்லாவற்றையும் அதிலேயே கழித்துக் காட்டச் சொன்னோம். குரலைப் பற்றியும் கையசைப்பைப் பற்றியும் நாம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக் கூடத்தில் பன்னிரண்டு பேருக்கு அதெல்லாம் எதற்கு?

சச்சரவு எழுந்தது வேறோரிடத்தில். நான்காம் பக்கத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனியை எழுதியிருந்தான். சபையோருக்கு உணர்ச்சி வருமாம். அந்தக் கதையைக் கடைசிவரை சொல்வாயா என்று கேட்டோம். 1906-இல் பதிவான அந்தக் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய்; பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1908-இல் பிள்ளை சிறை புகுந்தார். அவ்வாண்டில்தான், கம்பெனியை ஆதரித்து எழுதிவந்த பாரதியாரும் நம் ஊரில் அடைக்கலம் புகுந்தார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. தேசத்துக்கென்று கொடுத்தவர்களுக்கு அந்த நஷ்டத்திலும் ஒரு பெருமை மிஞ்சிற்று. செக்கெண்ணெய்க்குக் கொடுக்கும் உபாத்தியாயினி அம்மாளுக்கு என்ன மிஞ்சும்?

"நஷ்டத்தைச் சொன்னால் யார் கொடுப்பார்கள், சித்தப்பா?" என்றான்.

"சொல்லாமல் வாங்கினால் அந்த அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பாய்?" என்றோம்.

வெகுநேரம் வாதாடினான். முடிவில் கப்பலை அடித்துவிட்டு, அந்த இடத்தில் மூன்று வாக்கியம் எழுதினான். கடலை விலை ஏறினால் முதல் வருஷம் லாபமிராது. தொழில் கவிழ்ந்தால் பாங்கிக் கடன் தீர்ந்த பிறகுதான் பங்குக்காரருக்கு. இரண்டு வருஷத்துக்குள் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வேண்டியிருக்கும் பணத்தை யாரும் கொடுக்கவேண்டாம். இவற்றைக் கடைசியில் ஒளித்து வைக்காமல், லாபக் கணக்குக்கு அடுத்தபடியே வைக்கச் செய்தோம். பேச்சு முடிந்து எழுந்திருக்கும் சமயத்தில் காதில் விழும் எச்சரிக்கையை யோசிக்க எவருக்கு நேரமிருக்கும்?

அன்று அவன் ஒன்பது நிமிஷம் பேசினான். வணக்கம் ஒன்றே, குறள் இல்லை. கேள்விகள் மட்டும் ஒரு மணி நேரம் நடந்தன. வியாபாரி பிண்ணாக்கை யார் வாங்குவார் என்று கேட்டார். மாட்டுக்காரர் மூவரிடம் பேசி வைத்திருந்ததால் பதில் தயாராயிருந்தது. சொல்தா பெரியவர் பத்திரத்தை இருமுறை படித்தார். பன்னிரண்டு பேரில் ஏழு பேர் பங்கு எடுத்தார்கள். எதிர்பார்த்த தொகையில் பாதிக்குச் சற்று மேல். இரண்டு செக்குக்குப் பதில் ஒன்றோடு தொழில் தொடங்கிற்று.

உபாத்தியாயினி அம்மாள் பணம் கொடுக்கவில்லை. "அடுத்த வருஷம் எனக்குக் கண் ஆபரேஷன் இருக்கிறது, தம்பி. நீ சொன்னது நல்லதாயிற்று" என்று கூறி, மாதம் இரண்டு லிட்டர் எண்ணெய்க்கு மட்டும் பெயர் எழுதிவைத்துப் போனார்.