காக்பிட்டில் எது முதலில் கேட்க வேண்டும்?

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் மோட்டாரைப் பார்க்கக் கிணற்றடிக்குப் போவதில்லை. வரப்பில் நின்றபடி காது கொடுத்தால் போதும். கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் காற்று இழுக்கத் தொடங்கினால் சத்தம் மாறிவிடும். ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். அந்த ஊரில் வளர்ந்தவர் இரவில் கணினி முன் உட்கார்ந்து சிமுலேட்டரில் விமானம் ஓட்டினாலும், கேட்பது அதே காதுதான். திரையில் மேகம் எத்தனை அழகாக இருந்தாலும் எஞ்சின் சத்தம் பொருந்தவில்லை என்றால் அவருக்கு மனம் ஒட்டாது.

ஆனால் அந்தக் காதுக்கு ஒரு சிக்கல் உண்டு. அது காக்பிட்டுக்குள் ஒருநாளும் இருந்ததில்லை.

2018 மார்ச் 25 அன்று உதான் திட்டத்தில் சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே ஏடிஆர் 72 பறக்கத் தொடங்கியது. ஓமலூருக்குப் பக்கத்தில் காமலாபுரத்தில் இருக்கும் அந்த விமான நிலையத்தில் ஏறிப் பறந்தவருக்கு நினைவில் நிற்பது பயணிகள் இருக்கையின் சத்தம்: ஜன்னலுக்கு வெளியே ஆறு இதழ் புரொப்பல்லர், இருக்கை வரை வந்து அதிரும் அதன் ரீங்காரம். அதே ஏடிஆர் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு 2023-ல் ஆட்-ஆனாக வந்தது. வாங்கியதும் கை எஞ்சின் சத்தத்தைக் கூட்டத்தான் போகும். விமானி உட்காருவதோ புரொப்பல்லருக்குப் பல மீட்டர் முன்னால். ஜெட் விமானமென்றால் வேறுபாடு இன்னும் பெரிது. உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது காக்பிட்டை நிறைப்பது விமானத்தின் மூக்கில் மோதி ஓடும் காற்றும் குளிர்சாதனக் காற்றும்தான். எஞ்சின் எங்கோ பின்னால் கிடக்கிறது.

ஏடிஆரின் சத்தத்தைப் பிரித்தறிய நல்ல இடம் தரைதான். மற்ற பல விமானங்களின் வாலில் இருக்கும் துணை எஞ்சின் இதில் கிடையாது. அதற்குப் பதிலாக வலது எஞ்சினை ஓடவிட்டு, அதன் புரொப்பல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவைக்கிறார்கள். ஹோட்டல் மோடு என்று அதற்குப் பெயர். அப்போது டர்பைனின் மெல்லிய விசில் தனியாகக் கேட்கும். பிரேக்கை விடுவித்ததும் புரொப்பல்லரின் சத்தமும் வந்து சேரும். இந்த இரண்டும் தனித்தனியாகக் காதில் பதிந்த பிறகு ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரைத் தொடுவது நல்லது.

முன்பு ஸ்லைடர்கூடக் கிடையாது. 2006-ல் வந்த மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டரான எஃப்எஸ்எக்ஸில் ஒவ்வொரு விமானத்துக்கும் சவுண்ட் டாட் சிஎஃப்ஜி என்றொரு கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்தால் எஞ்சின் சத்தம் ஒவ்வொன்றுக்கும் எண்வரிசைகள்: வேகம் ஏற ஏறச் சத்தம் எவ்வளவு பெருக வேண்டும், சுருதி எவ்வளவு உயர வேண்டும். ஓர் எண்ணைக் குறைத்து, சேமித்து, விமானத்தை மறுபடி ஏற்றிக் கேட்க வேண்டும். பழைய கோப்பை நகலெடுத்து வைக்க மறந்தவர் பாடு திண்டாட்டம். ஆனாலும் அந்த வேலையில் ஓர் எஞ்சின் சத்தம் எப்படிக் கட்டப்படுகிறது என்பது பிடிபட்டது. 2020-ல் வந்த சிமுலேட்டரில் ஒலிகள் பொட்டலமாகக் கட்டப்பட்டு வருகின்றன; ஆட்-ஆன் செய்தவர் விட்டுவைத்த ஸ்லைடர்கள்தான் பயனாளருக்கு.

ஃபிளைபைவயர் குழு இலவசமாகத் தரும் ஏ320நியோவில் அந்த ஸ்லைடர்களைக் காக்பிட் டேப்லெட்டில் வைத்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று. பிடியூ சத்தம் காக்பிட்டில் கேட்கட்டுமா என்றும் ஒரு தேர்வு உண்டு. பச்சை, மஞ்சள் ஹைட்ராலிக் அமைப்புகளுக்கு இடையே அழுத்தம் 500 பிஎஸ்ஐக்கு மேல் வேறுபட்டால் இயங்கும் கருவி அது. நாய் குரைப்பதுபோல் கேட்கும். ஏர்பஸ்ஸில் போன பயணிகளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அது பயணிகள் தரைக்கு அடியிலிருந்து வருவது; விமானிக்கு எட்டுவது அரிது. அதை அணைத்துவைப்பதே சரி. ஆசைக்காக வைத்துக்கொண்டால் அது பயணியின் நினைவு, விமானியின் காது அல்ல.

எச்சரிக்கை ஒலிகளில் மட்டும் ஆசைக்கு இடம் கொடுக்கவே கூடாது. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் 522, ஒரு போயிங் 737. கேபின் அழுத்தத்தைத் தானாகச் சீராக்கும் சுவிட்ச் மேனுவலில் கிடந்தது. சுமார் 12,000 அடியில், கேபின் அழுத்தம் குறைவதை எச்சரிக்கும் ஹாரன் விட்டு விட்டு ஒலித்தது. விமானம் புறப்படத் தயாராகவில்லை என்று தரையில் எச்சரிப்பதும் அதே ஹாரன்தான். விமானிகள் அதுவென்றே எண்ணிக்கொண்டார்கள். விமானம் ஏறிக்கொண்டே போக, ஆக்சிஜன் குறைந்து மயங்கினார்கள். விமானத்தில் இருந்த 121 பேரும் இறந்தார்கள். பின்னர் 2011-ல் அமெரிக்க விமானத்துறை, பழைய 737-களில் தனி எச்சரிக்கை விளக்குகள் வேண்டுமென்று உத்தரவிட்டது.

737 ஆட்-ஆனில் அந்த ஹாரன் காதைக் குடைகிறதென்று குறைக்கத் தோன்றும்போது இது நினைவுக்கு வர வேண்டும். முதலில் ஹாரனையும் மணிகளையும் வைத்துவிட்டு, அவை அமுங்காத அளவுக்குக் காற்றையும், அதற்கும் கீழே எஞ்சினையும் கொண்டுவருவதுதான் முறை. சரிபார்க்கும் நேரத்தில் அறையின் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கட்டும். பாலக்கோடு ஸ்டேஷனைக் கடக்கும் ரயிலின் ஹாரனும் நடுவில் வரட்டும். பறக்கும் இரவிலும் அவை இருக்கத்தானே போகின்றன.