உச்சி வேளை உறக்கம்

பணி ஓய்வு பெற்ற ஒருவரை நம் பகுதியில் பிற்பகல் 2 மணிக்குச் சந்திக்கச் சென்றால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். கதவைத் தட்டியதும் உள்ளே பாய் சுருட்டப்படும் ஓசை கேட்கும். கலைந்த தலைமுடியைக் கையால் ஒதுக்கியவாறு வெளியே வருபவர், நாம் ஒன்றும் கேளாத முன்பே, "தூங்கலை சாமி, சும்மா கண்ணை மூடிக் கெடந்தேன்" என்பார். பள்ளி ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவரும் இதையே சொல்கிறார். தீப்பெட்டி ஆபீஸில் நாற்பது ஆண்டுகள் குச்சி அடுக்கிய மூதாட்டியும் இதையே சொல்கிறார். வைகையாற்றுக்கு வடக்கே இவ்வளவு கூச்சம் இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் இருக்கிறது.

காரணம் இல்லாமல் இல்லை. வானம் பார்த்த கரிசல் பூமி இது. மழையை நம்பி வாழ இயலாது என்று கண்ட மக்கள் கையை நம்பினார்கள். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய வரலாறு இங்குள்ள சிறுவர்க்கும் தெரியும். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வந்தன. 'குட்டி ஜப்பான்' என்ற பெயரும் வந்தது. உழைப்பே பெருமை என்றாகிவிட்ட ஊரில் பகலில் படுப்பது இழிவு என்றாவது இயல்புதானே! போதாக்குறைக்கு, வள்ளுவரும் கெட்டழிவார் விரும்பும் நான்கினுள் துயிலையும் ஒன்றாக வைத்துவிட்டார். சித்த மருத்துவமும் பகலுறக்கம் வேண்டாம் என்கிறது. 'உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு' என்ற பழமொழி ஒன்றுதான் நம் முதியோருக்குத் துணை நிற்கிறது. (ஆயுர்வேதத்தின் சரக சம்கிதையையும் துணைக்கு அழைக்கலாம். கோடையில் எவரும், மற்றக் காலங்களில் முதியோரும் மெலிந்தோரும் உழைத்துக் களைத்தோரும் பகலில் உறங்கலாம் என்று அது இசைவு தருகிறது.)

சென்ற கோடையில் ஒரு நாள், ஆலயத் தாழ்வாரத்தில் மூதாட்டி ஒருவர் நம்மிடம், "பகல்ல தூங்குறது பாவமா சாமி?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. அறுபத்தேழு வயது. பட்டாசு ஆலையில் சரவெடி பின்னிப் பின்னி விரல்கள் வளைந்துவிட்டன. மூன்று ஆண்டுகளாக வேலைக்குச் செல்வதில்லை. மருமகள் வேலைக்குச் சென்றபின், உச்சி வெயிலில் தன்னை மீறி உறக்கம் வருகிறதாம். "அவ வெயில்ல வேகுறா. நான் கெடந்து தூங்குறேன்" என்றார்.

"அம்மா, சின்ன வயதில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்?" என்று கேட்டோம். "எங்கே எழுந்திரிச்சேன்? தூக்கிட்டுப் போய் பஸ்ஸுல போடுவாங்க" என்றார்.

இன்றைய தலைமுறைக்கு இது விளங்காமல் போகலாம். 1970-களிலும் 80-களிலும், கோழி கூவும் முன்பே தீப்பெட்டி ஆலைப் பேருந்துகள் சிற்றூர்களுக்கு வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் செல்லும். பாதி உறக்கத்தில் ஏறிய பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து மீதி உறக்கத்தை முடிப்பார்கள். திரும்பி வரும்போது இருட்டிவிடும். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல்தான் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில் தீர்ப்பளித்து, அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்காகவும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. அப்பேருந்துகளில் தூங்கிய பிள்ளைகள்தாம் இன்று அறுபதைக் கடந்து, பாயைச் சுருட்டி ஒளிக்கிறவர்கள். வளரும் வயதில் பறிக்கப்பட்ட உறக்கத்துக்கு எந்த நீதிமன்றம் கணக்குப் பார்த்தது?

விடுதலைப் பயண நூலின் 5-ஆம் அதிகாரத்தை நாம் குருமடத்தில் படித்தபோது, அது எகிப்தைப் பற்றியது என்றே எண்ணினோம். சிவகாசிப் பக்கம் பணிக்கு வந்தபின் வேறாகத் தெரிகிறது. நாள்தோறும் இத்தனை செங்கல் என்ற கணக்கு குறையக் கூடாது. வைக்கோலையும் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும். ஓய்வு கேட்ட மக்களைப் பார்த்து 'சோம்பேறிகள்' என்று சொன்னவன் யார்? கடவுள் அல்ல, மோசேயும் அல்ல, பார்வோன். உருப்படிக்கு இவ்வளவு கூலி என்று வாழ்நாளெல்லாம் எண்ணி எண்ணி வேலை செய்தவர்களின் உள்ளத்தில், ஆலையை விட்டு வந்த பிறகும் அந்தக் குரல் ஓயவில்லை. இணைச்சட்ட நூலின் 5-ஆம் அதிகாரம் ஓய்வு நாள் கட்டளைக்குச் சொல்லும் காரணமும் இதுவே: நீ எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினைவில் கொள், ஆகவே உன்னோடு உன் பணியாளும் இளைப்பாறட்டும். அடிமையாய் இருந்தவருக்குக் களைப்பாறுதல் கட்டளையாகவே தரப்பட்டது. இதைத்தான் அம்மூதாட்டிக்குச் சொன்னோம். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ அறியோம்.

திருச்சபையும் நண்பகல் ஓய்வுக்குப் புதிதல்ல. உரோமையர் கணக்கில் ஆறாம் மணி வேளை என்பது நமக்கு உச்சிப்பொழுது. 'சியெஸ்தா' என்ற சொல்லே ஆறு என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான். 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கின் 48-ஆம் அதிகாரத்தில், கோடைக்கால மாதங்களில் உணவுக்குப்பின் அவரவர் படுக்கையில் அமைதியாய் இளைப்பாறட்டும். வாசிக்க விரும்புவோர் பிறர்க்கு இடையூறின்றி வாசிக்கட்டும் என்று வகுத்திருக்கிறார். நம் குருமட அட்டவணையிலும் அந்த அரை மணி நேரத்துக்கு இடமிருந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, அந்த ஆறாம் மணி வேளையில்தான் நம் ஆண்டவர் வழிநடைக் களைப்பால் யாக்கோபின் கிணற்றருகே அமர்ந்தார் (யோவான் 4:6). சீடர் உணவு வாங்கப் போயிருக்க, அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் உறக்கம் எல்லாம் ஒன்றல்ல. 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்னும் துறவி, 'நண்பகல் பேய்' என்று ஒன்றைப் பற்றி எழுதினார். அது பிடித்தவருக்குக் கதிரவன் நகராமல் நிற்பதுபோல் தோன்றும், எவரேனும் வருகிறாரா என்று சாளரம் வழியே பார்க்கத் தோன்றும், வாழ்வே சலிக்கும். பணி ஓய்வு பெற்றோரை இன்று பிடிப்பது இந்தப் பேய்தான். நாம் அறிந்த அச்சகத் தொழிலாளர் ஒருவர், மனைவி இறந்தபின் காலை 11 மணிக்குப் படுத்தால் மாலை 4 மணிக்குத்தான் எழுந்தார், இரவெல்லாம் விழித்திருந்தார். அது களைப்பின் உறக்கம் அன்று. யாருக்கும் தாம் தேவைப்படவில்லை என்பதால் வந்தது. உறங்காதீர் என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. மருத்துவரிடம் அனுப்பினோம், சர்க்கரை கூடியிருந்தது. பிறகு பங்குப் பள்ளியின் பழைய பதிவேடுகளைப் பைண்டு செய்து தரக் கேட்டோம். இப்போது காலை 11 மணிக்குப் பசைக் கிண்ணமும் ஊசி நூலுமாக அமர்ந்திருக்கிறார். உண்ட பின் அரை மணி நேரம் தூங்குகிறார், அவ்வளவே.

அந்த அரை மணி நேரம் போதும் என்றே மருத்துவர்களும் சொல்கிறார்கள். 2007-இல் வெளியான கிரேக்க நாட்டு ஆய்வு ஒன்று, 23,681 பேரைச் சுமார் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வாரத்துக்கு மூன்று முறையாவது பகலில் அரை மணி நேரம் உறங்கியோரிடையே இதய நோய்ச் சாவு 37 விழுக்காடு குறைவாக இருந்தது. நம்மை நிறுத்தியது வேறொரு செய்தி. அந்த நன்மை பணியில் இருந்த ஆண்களிடமே மிகத் தெளிவாகத் தெரிந்தது. பணியில் இல்லாதோரிடம் அத்துணை உறுதியாகத் தெரியவில்லை. அப்படியானால் நம் மூதாட்டியைவிட அவர் மருமகளுக்கன்றோ அந்த உறக்கம் வேண்டும்? வெயில் ஏறும் முன்பே மருந்துக் கலவையை முடித்துவிட வேண்டும் என்பது பட்டாசுத் தொழிலின் பழைய பாடம். உச்சி வேளையில் மருந்துக்கும் பொறுமையில்லை, களைத்த கைக்கும் கவனமில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது உயிர்களைக் கொண்டுபோன தீ, நண்பகலில்தான் பற்றியது. நண்பகலில் பாழாக்கும் அழிவைப் பற்றிய 91-ஆம் திருப்பாடலை அந்த ஆண்டுக்குப் பின் நம்மால் இயல்பாய்ச் செபிக்க இயலவில்லை.

ஓய்வு என்ற சொல்லையும் இங்கே கவனமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று 2014-இல் வரையறுத்தார்கள். பத்து ஆண்டுப் பணி கணக்கில் ஏறியவர்க்கே அதுவும். பெயர் பதிவேட்டில் ஏறாமலே உழைத்தவர் எத்தனை பேர்! கண் மங்கிய பின்னும் வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டிக்குத் தாள் ஒட்டும் பாட்டிகளுக்கு, பகலுறக்கம் பாவமா என்று கேட்கவும் நேரமில்லை.

விருதுநகர் முதியோரிடம் இன்னொரு தயக்கமும் உண்டு. பெருந்தலைவர் காமராசர் 1963 அக்டோபர் 2 அன்று முதல்வர் பதவியைத் தாமாகவே விட்டார். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1975 அக்டோபர் 2 அன்று, மதிய உணவுக்குப்பின் சென்னை இல்லத்தில் படுத்தவர் அன்று பிற்பகலே மறைந்தார். "ஐயாவே மத்தியானம் படுத்தவர்தானே எந்திரிக்கலை" என்று சொல்லி, படுக்க அஞ்சும் பெரியவர் ஒருவர் நம் பங்கிலும் இருக்கிறார். ஓடி ஓடி உழைத்த அந்த மனிதரும் உண்டபின் சற்றுப் படுத்தார் என்பதைத்தான் நாம் அவருக்கு எடுத்துச் சொன்னோம். அவர் தலையை ஆட்டினாரே ஒழிய, ஒப்பவில்லை.

நம்மால் இயன்றது சிறிது. பிற்பகல் 3 மணிக்கு நடந்துவந்த முதியோர் கூட்டத்தை 4.30-க்கு மாற்றினோம். பகல் 1 முதல் 3 மணி வரை வீடு சந்திப்பும் இல்லை. நவநாள் காலங்களில் உச்சி வேளை மூவேளைச் செபம் முடிந்ததும் ஒலிபெருக்கியை நிறுத்திவிட வேண்டும் என்று திருவிழாக் குழுவிடம் சொல்லியிருக்கிறோம். பாட்டு இல்லாமல் திருவிழாக் களை எப்படி வரும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை.