நூற்று மூன்றில் ஒரு தீவு

எங்கள் படுக்கையறைச் சுவரில் தெருமுனை மருந்துக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் தொங்குகிறது. மாதத்துக்கு ஒரு படம். நவம்பருக்குத் தீவு. கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் நாலைந்து ஓலைக் குடில்கள், தண்ணீரைத் தொட்டுவிடலாமா என்று வளைந்த ஒரு தென்னை, சொட்டு நீலத்தை அப்படியே கவிழ்த்துவிட்ட மாதிரி ஒரு கடல். பத்து நாளாக அதைத் தாண்டித்தான் குளிக்கப் போய் வந்தேன். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. பதினோராம் தேதி காய்ச்சல் வந்து படுத்தபோது, தலையணையில் தலை சாய்ந்த கோணத்துக்கு அந்தப் படம் நேர் எதிரே வந்து நின்றது.

வெளியே சென்னையின் ஐப்பசி மழை. கொடியில் காயாத துணிகளெல்லாம் வீட்டுக்குள் வந்து, நாற்காலி முதுகிலும் கதவு மேலும் ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தன. டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்து, "வைரல்தான், அஞ்சு நாள் ஆகும்" என்றார். ரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் ஒரு சின்ன ஏமாற்றம். இவ்வளவு வலிக்குச் சொல்லிக்கொள்ள ஒரு நல்ல பெயர்கூடவா கிடையாது?

முதல் நாள் இரவு தெர்மாமீட்டர் 103 காட்டியது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் பல் கிட்டித்தது. உடம்பு கொதிக்கும்போது குளிர்வது ஏன் என்பதற்கு விளக்கம் இருக்கிறது. மூளையில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதிதான் உடம்பின் சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. கிருமி வந்ததும் அது அந்த அளவை மேலே தூக்கி வைத்துவிடுகிறது. புது அளவை எட்டும்வரை உடம்புக்கு, தான் குளிரில் கிடப்பதாகவே எண்ணம்; நடுங்கி நடுங்கிச் சூடு சேர்க்கிறது. ஆக, படத்தில் இருந்த வெயிலுக்கு நான் ஏங்கியதில் கவித்துவம் எதுவும் இல்லை. மணலில் குப்புறப் படுத்தேன். முதுகில் வெயில் இறங்கியது. பாராசிட்டமால் வேலை செய்து வியர்த்துக் கொட்டியபோது, எழுந்து தென்னை நிழலுக்கு நகர்ந்துகொண்டேன். கடல் காற்று வந்தது. ஒரே தீவு, இரண்டுக்கும் உதவியது.

அந்தத் தீவில் யாரும் இல்லை. அதுதான் அதன் பெரிய வசதி. இங்கேயோ பத்து நிமிடத்துக்கு ஒரு போன். நிலவேம்புக் குடிநீர் குடி என்று சித்தி. நிலவேம்பைத் தொடவே தொடாதே, வயிற்றைப் புண்ணாக்கும் என்று அலுவலக நண்பர். மாடி வீட்டு மாமி ஒரு நாள் தவறாமல் வாசலில் நின்று, "இன்னுமா விடல?" என்று கேட்டுவிட்டுப் போவார், நான்தான் அதைப் பிடித்து வைத்திருப்பது போல. தீவில் இந்தக் கேள்விகள் கிடையாது. ஆனால் யோசித்துப் பார்த்தால் ஒன்று இடிக்கிறது. ஆளே இல்லாத அந்தத் தீவில் வேளாவேளைக்கு எவர்சில்வர் டம்ளரில் கஞ்சி வந்துகொண்டிருந்தது. யார் கை என்று நான் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் 101-க்கு இறங்கியது. அன்றுதான் அந்தத் தீவுக்கு எப்படிப் போவது என்ற கேள்வியே எழுந்தது. அதுவரை நான் போகவில்லை, இருந்தேன். பள்ளிக்கு மழை விடுமுறை என்பதால் வீட்டில் இருந்த பையன் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது மாலத்தீவு" என்று அடித்துச் சொன்னான். உடனே போனை எடுத்துத் தேடத் தொடங்கினேன். விசாவுக்கு அலைய வேண்டாம், போய் இறங்கியதும் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு விடுதி. முதல் விடுதி திறந்தது 1972-இல். மொத்தம் ஏறக்குறைய 1,200 தீவுகள். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி அவன் பிடித்த தீவுகளின் எண்ணிக்கையைப் பன்னீராயிரம் என்கிறது; அவை மாலத்தீவுகள்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. ஒரு சைபர் கூடியிருக்கிறது. கணக்கெழுதியவருக்கு அன்று என்ன டிகிரியோ.

நூறுக்கு வந்தபோது கட்டணம் கண்ணில் பட்டது. கூடவே மனைவியும் பையனும் தீவுக்கு வந்துவிட்டார்கள். பையன் வந்ததும் வைஃபை இருக்கிறதா என்று கேட்டான். தொண்ணூற்றொன்பதில் மிச்சமிருக்கும் விடுப்பு நாட்கள், வீட்டுக் கடன் தவணை, நாம் இல்லாத நாட்களில் மோட்டார் போடுவது யார் என்ற விசாரம். பாதரசம் இறங்க இறங்கத் தீவு விலையேறிக்கொண்டே போனது. 98.6-இல் அது மறுபடியும் காலண்டர்.

இந்தச் சீக்கு எனக்கு மட்டும் வந்ததல்ல. எழுத்தாளர் ஸ்டீவன்சன் 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவலை எழுதத் தொடங்கியது இப்படி ஒரு நிலையில்தான். 1881-ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தில் பிரேமார் என்ற மலையூர். பேருக்குத்தான் கோடை; விடாத மழை, குளிர். சிறுவயது முதலே நெஞ்சு பலவீனமான மனிதர், இருமிக்கொண்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்தார். மனைவியின் முதல் மணத்து மகன் வர்ணம் குழைத்துப் படம் போட்டுக்கொண்டிருக்க, இவரும் உடன் உட்கார்ந்து ஒரு தீவின் வரைபடத்தைப் போட்டார். அதிலிருந்து கதை பிறந்தது. நாளுக்கு ஒரு அத்தியாயமாகப் பதினைந்து வரை ஓடி, அதோடு நின்றுவிட்டது. மீதியை முடித்தது அந்தக் குளிர்காலத்தில், நுரையீரல் சிகிச்சைக்காகப் போன டாவோஸ் பனிமலையில். அதுவரை வெப்ப நாட்டுத் தீவு எதையும் அவர் கண்ணால் கண்டதில்லை.

பிறகு கண்டார். 1888-இல் பசிபிக் கடலில் கப்பலேறி, 1890-இல் சமோவா தீவில் நிலம் வாங்கிக் குடியேறினார். உடம்பும் ஓரளவு தேறியது. கேட்ட வரம் கிடைத்தவர் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வீட்டில் அவர் குளிர்காயும் அடுப்பு ஒன்று கட்டிவைத்தார். சட்டை முதுகில் ஒட்டும் சமோவாவில், சுவரோடு சேர்த்துக் கணப்படுப்பு! 1894 டிசம்பர் 3 அன்று, நாற்பத்து நான்காம் வயதில், மூளையில் ரத்தக் கசிவால் இறந்தார். அன்று காலைவரை எழுதிக்கொண்டிருந்த நாவல் ஸ்காட்லாந்தில் நடப்பது. தீவில் உட்கார்ந்துகொண்டு அந்தக் குளிரைத்தான் எழுதியிருக்கிறார்.

எனக்கு இதைப் படித்ததும் நினைவுக்கு வந்தவர் தூத்துக்குடியில் எங்கள் தெருவில் இருந்த தண்டல் மாமா. தோணியை ஓட்டிப் போகும் தலைவருக்கு எங்கள் ஊரில் தண்டல் என்று பெயர். மாமா பழைய துறைமுகத்திலிருந்து மாலேவுக்குப் போய் வருவார். சிறுவயதில், "தீவு எப்படி மாமா இருக்கும்?" என்று கேட்டிருக்கிறேன். "என்னலே இருக்கும்? நல்ல தண்ணி கெடையாது, மண்ணு கெடையாது. வெங்காயத்துல இருந்து செங்கல் வரைக்கும் நாமல்லா சொமந்து குடுக்கணும். எப்படா ஊருக்குத் திரும்புவோம்னு இருக்கும்" என்றார். அவர் சொன்னது அத்தோடு சரி. ஆனால் தென்மேற்குக் காற்று மாதங்களில் தோணி ஓடாது. அப்போது திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காமலே பேசுவார். மாலே பக்கம் தண்ணீர் கண்ணாடியாம். நங்கூரம் கீழே போய் மணலில் உட்காருவதும், உட்காரும்போது மணல் புகைந்து அடங்குவதும் மேலிருந்தே தெரியுமாம்.

அவர் எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தது மாசி. சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் நாள்கணக்கில் போட்டுக் கட்டையாக்கியது. தட்டினால் மரக்கட்டை போலவே சத்தம் வரும். மாலத்தீவு மொழியில் மாஸ் என்றால் மீன். மாமா காலத்துக்குப் பிறகும் அம்மா கடையில் வாங்கி அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, நாக்கு திரும்பவில்லை. இட்லி, ரசம், பிரெட் எல்லாம் ஒரே ருசி, அதாவது ஈர அட்டை. அம்மா போனில், "எய்யா, வாய்க்கு ஒண்ணும் புடிக்கலையா? மாசி கெடக்கா வீட்ல?" என்றாள். கிடந்தது, ஃப்ரிட்ஜுக்கு மேலே ஒரு தகர டப்பாவில். என் மனைவிக்கு அந்த வாசம் ஆகாது. "இதெல்லாம் இப்ப ஒத்துக்குமாங்க?" என்று கேட்டுக்கொண்டே, புடவைத் தலைப்பால் மூக்கை மூடியபடி இடித்தாள். மாசித் துண்டு உடையாமல் இரண்டு முறை உரலை விட்டுத் துள்ளிப் போனது. பிறகு தேங்காய்ப்பூ, வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம், துளி புளி. கஞ்சியோடு ஒரு சிட்டிகை வைத்தேன். முதலில் உறைப்பு மட்டும். கொஞ்சம் பொறுத்து, நாக்கின் ஓரத்தில் புகை வந்தது. அதன் பின்னால் உப்பு. டம்ளரை வழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

டிசம்பர் ஒன்றாம் தேதி நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது காலண்டரில் தாள் கிழித்தாகிவிட்டது. இப்போது பனிமலை. தீவு எங்கே என்று கேட்டேன். அரையாண்டுத் தேர்வுக்கு முன் நோட்டைத் திருத்தக் கொடுக்க வேண்டுமாம், அட்டை கிழிந்து போயிருந்ததாம். பையன் அதை எடுத்து நோட்டுக்கு அட்டை போட்டிருந்தான். படத்தை உள்பக்கம் வைத்து, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய, மடிப்பெல்லாம் கச்சிதமாக. மேலே லேபிள் ஒட்டிக் கணக்கு என்று எழுதியிருந்தான்.