பாதிப் பஞ்சாங்கம்

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருட நாள்காட்டிகளின் மாதிரி ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிட்டுவிடுவார்கள். மார்கழிக்குள் அவை நகைக்கடை, ஜவுளிக்கடைப் பெயர்களைத் தாங்கி நம் வீட்டுச் சுவருக்கு வந்து சேரும். கைக்கு வந்ததும் பலரும் தேடுவது முகூர்த்த நாட்கள் அச்சிட்ட பக்கத்தைத்தான். வளர்பிறை முகூர்த்தம் கிடைத்தால் முகம் மலரும். மண்டபம் காலியில்லை என்றால், தேய்பிறையானாலும் பரவாயில்லை, பஞ்சமிக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் ஆகும். வீடு குடிபோவது, கடை திறப்பது, பிள்ளைக்குக் காது குத்துவது என எதைத் தொடங்குவதானாலும் நிலாவை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறோம்.

நிறுத்துவதற்கு மட்டும் அதைக் கேட்பதில்லை. ஒரு காலத்தில் கேட்டார்கள். பஞ்சாங்கத்தின் ஒரு பாதி தொடங்கச் சொன்னது, மறுபாதி ஓயச் சொன்னது. முதல் பாதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டுவிட்டோம் என்பது என் வெகுநாள் ஆற்றாமை.

இப்போது இளைஞர்கள் சிலர் நிலாக் கணக்கில் டைரி எழுதுகிறார்கள். அமாவாசையன்று இலக்கைக் குறிப்பது, வளர்பிறையில் முனைந்து உழைப்பது, பௌர்ணமியில் செய்ததைப் பார்த்து மகிழ்வது, தேய்பிறையில் வேண்டாததை விட்டுவிட்டு ஓய்வது என்று நான்கு கட்டம். வெளிநாட்டு மோஸ்தர் என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நாலாவது கட்டம், ஓய்வும் திட்டத்தில் ஒரு பகுதி என்கிற நினைப்பு, நம் ஊரில் வேர்விட்டு இருந்த ஒன்றுதான்.

அமாவாசையன்று ஏர் பூட்டக் கூடாது என்பது உழவர் வீடுகளில் எழுதாத சட்டம். எவ்வளவு அவசரமான நடவாக இருந்தாலும் அன்றைக்கு மாட்டின் கழுத்தில் நுகத்தடி ஏறாது. நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். காலையில் மாடுகளைக் குளத்துக்கு ஓட்டிப்போய், தேங்காய் நாரால் முதுகையும் தொடையையும் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். கரையேறியதும் நுகத்தடி உராயும் திமில் பக்கத்தைக் கையால் தடவிப் பார்ப்பார்கள். தோல் கன்றியிருந்தாலோ மயிர் உதிர்ந்து சிவந்திருந்தாலோ வேப்பெண்ணெய் போடுவார்கள். வேலை நாளில் அந்தக் காயம் யார் கண்ணிலும் படாது, பட்டாலும் நிற்க நேரம் இருக்காது. மாட்டுக்கு வாய் இல்லை, விடுப்பு கேட்காது. அதற்காகக் கேட்கிற பொறுப்பை வானத்திடம் விட்டு வைத்திருந்தார்கள். பண்ணையாள்களுக்கும் அந்த நாளில்தான் கொஞ்சம் மூச்சு. முதலாளியின் தயவில் கிடைத்த ஓய்வாக இருந்தால் அடுத்த அறுவடையில் பறிபோயிருக்கும். அமாவாசையை யாரும் தள்ளிப்போட முடியாது.

தச்சுப் பட்டறை, பொற்கொல்லர் பட்டறை, நெசவு ஊர்கள் பலவற்றிலும் இதே வழக்கம்தான். அமாவாசையன்று தறிச் சத்தம் இல்லாத நெசவாளர் தெருவுக்குள் நடந்து போனால், தெருவே வேறாகத் தெரியும். தினமும் குழித்தறியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பவர் திண்ணையில் கால் நீட்டியிருப்பார். அறுத்த புடவையை ஒப்படைப்பது, கூலிக் கணக்குப் பார்ப்பது எல்லாம் அன்றைக்கு. வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்து புகுந்த பிறகும் பல இடங்களில் அமாவாசை லீவு தாக்குப்பிடித்தது. இப்போது விசைத்தறிக்கு இரவு பகலே இல்லாதபோது அமாவாசை எங்கே?

ஓய்வை மிகத் துல்லியமாகக் கணக்கு வைத்தவர்கள் வேத பாடசாலைக்காரர்கள். அஷ்டமி, சதுர்த்தசி, அமாவாசை அல்லது பௌர்ணமி, பிரதமை ஆகிய நாட்களில் புதுப்பாடம் கிடையாது. அனத்யயனம் என்பார்கள். இதைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். ஒரு பட்சத்துக்குப் பதினைந்து திதி. அதில் நடுவே ஒரு நாள், கடைசியில் தொடர்ந்தாற்போல் மூன்று நாள், ஆக நான்கு நாள் பாடம் நிற்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் விடுமுறை என்று இன்றைய கம்பெனிகள் தரும் கணக்கும் ஏறக்குறைய இதுவேதான். எழுத்தில் பார்க்காமல் காதால் கேட்டே ஆயிரக்கணக்கான வரிகளை மனத்தில் ஏற்றும் படிப்பு அது. ஏறியது உள்ளே இறங்கிப் படியச் சில நாட்கள் சும்மா இருக்க வேண்டும் என்று அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். வால்மீகியின் சுந்தர காண்டத்தில் அனுமன் சீதையின் மெலிவைச் சொல்லும்போது, பிரதமையில் படிக்கிறவனின் கல்வி எப்படித் தேயுமோ அப்படி என்று உவமை வருகிறது. ஓயாமல் படித்தால் படிப்பு இளைக்கும் என்கிற எண்ணம் அவ்வளவு பழையது. தேர்வுக்கு முந்தைய மாதத்தில் ஞாயிறும் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கும் நம் பள்ளிகளில் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

எல்லாம் ஒரே மாதிரி இருந்ததாக நான் சொல்ல வரவில்லை. ஆந்திரப் பக்கம் அமாவாசையில் எதையும் தொடங்கத் தயங்குவார்கள். தமிழ்நாட்டிலோ நிறைந்த அமாவாசை என்று கடைக்குப் பூஜை போடுகிறோம். அஷ்டமி, நவமி ஆகாது என்கிறோம், ஆனால் கண்ணன் பிறந்தது அஷ்டமி, இராமன் பிறந்தது நவமி. ஊருக்கு ஊர் விதி மாறும். மாறாமல் இருந்தது, சில நாட்களில் கை நிற்க வேண்டும் என்கிற ஒன்றுதான்.

ஒரு நாடே நிலாவின்படி ஓய்வெடுத்துப் பார்த்த கதையும் இருக்கிறது. இலங்கையில் டட்லி சேனநாயக்கவின் ஆட்சியில், 1966 தொடக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நீக்கப்பட்டு, பௌத்தர்களின் போயா நாட்கள் வார விடுமுறை ஆயின. அமாவாசை, பூரணை, இடையில் இரண்டு அரைநிலா, ஆக மாதம் நான்கு போயா. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நிலாவின் ஒரு சுற்று 29.5 நாள், நான்கால் வகுத்தால் ஏழு நாளுக்குச் சற்றுக் கூட வரும். ஆகவே சில வாரங்களுக்கு ஏழு நாள், சிலவற்றுக்கு எட்டு, எப்போதாவது ஆறு. இந்த போயா திங்களில் வந்தால் அடுத்தது பெரும்பாலும் திங்களிலோ செவ்வாயிலோ வரும். அலுவலகமும் பள்ளியும் நாள்காட்டியைப் பார்த்துப் பார்த்தே ஓட வேண்டியிருந்தது. கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு பூசையும் வேலையும் ஒரே நாளில் மோதின. வெளிநாட்டு வணிகம் ஒரு நாளில் திறந்திருக்க, கொழும்பு வேறொரு நாளில் திறந்தது. 1971இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு ஞாயிற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. இன்றைக்கும் ஒவ்வொரு பூரணையும் அங்கே பொது விடுமுறை. வங்கி இல்லை, மதுக்கடை இல்லை.

அந்த ஏற்பாட்டை ஒரு கோமாளித்தனமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மதத்தாரின் நாளை எல்லோர் மீதும் வைத்ததில் இருந்த அநீதியை மறுக்க மாட்டேன். அதைத் தனியே எடுத்துவிட்டுப் பார்த்தால், ஊர் முழுதும் ஒரே நாளில் ஓய்வது என்கிற பெரிய விஷயத்தை நிலாவின் கையில் கொடுத்துப் பார்த்த துணிச்சல் மிஞ்சுகிறது. தனி ஆள் டைரியில் எழுதிக்கொள்ளும் தேய்பிறை ஓய்வுக்கு இந்தப் பலம் கிடையாது. நான் ஓய்ந்திருக்கிறேன், என் மேலதிகாரி ஓயவில்லை என்றால் போன் அடித்துக்கொண்டுதான் இருக்கும். நெசவாளர் தெருவில் ஒருவர் தறியும் ஓடாததால்தான் எல்லோர் மனமும் நின்றது.

நிலாவுக்கு நம் உடம்பின் மீது ஏதாவது பிடி உண்டா என்று கேட்டால், உறக்கத்தில் கொஞ்சம் இருக்கலாம். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், அர்ஜென்டினாவின் தோபா பழங்குடி மக்களின் கையில் கருவி கட்டிப் பார்த்தார்கள். பௌர்ணமிக்கு முந்தைய சில இரவுகளில் அவர்கள் தாமதமாகப் படுத்தார்கள், குறைவாகத் தூங்கினார்கள். மின்விளக்கு மண்டிய சியாட்டில் நகரத்து மாணவர்களிடமும் அந்தச் சாயல் தெரிந்தது. பௌர்ணமிக்கு முந்தைய நாட்களில்தான் பொழுது சாய்ந்ததுமே வானத்தில் வெளிச்சம் தயாராக இருக்கும். நம் ஊரிலும் நிலா வெளிச்சத்தில்தான் போரடித்தார்கள், வண்டி கட்டினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பர்மிங்காமில் ஜேம்ஸ் வாட்டும் எராஸ்மஸ் டார்வினும் இருந்த அறிவியல் கழகம் பௌர்ணமியை ஒட்டிய நாளில் கூடியதும், இரவில் வீடு திரும்ப வெளிச்சம் வேண்டும் என்பதற்காகத்தான். இந்த அளவுக்கு மேல், வளர்பிறையில் குறித்த இலக்கு பலிக்கும், தேய்பிறையில் குறித்தது கருகும் என்பதற்கெல்லாம் எந்த ஆதாரமும் இல்லை. இதை நம்பிக்கைக்காரர்களிடமும் நான் மறைப்பதில்லை.

இருந்தும் நிலாக் கணக்கை நான் விடவில்லை. காரணம், பட்சம் என்கிற அளவு. எழுதுவதற்கும் படிப்பதற்கும் ஒரு வாரம் போதாது, தொடங்கிச் சூடு பிடிப்பதற்குள் சனிக்கிழமை வந்துவிடும். மாதம் மிக நீளம், முதல் பத்து நாள் ஏமாற்றிவிடும். பதினைந்து நாள் சரியாகப் பொருந்துகிறது. வளர்பிறைப் பதினைந்தில் புது வேலைகளை எடுத்துக்கொள்கிறேன். தேய்பிறையில் புதிதாக எதையும் ஒப்புக்கொள்வதில்லை. பாதியில் நின்ற கடிதம், திருத்தாமல் விட்ட பக்கங்கள், கொடுக்க வேண்டிய பாக்கி, பரணில் கிடக்கும் பழைய காகிதம் என்று முடிப்பதும் கழிப்பதும்தான் அப்போது. கிராமத்தில் மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டினால் வண்டு துளைக்காது என்பார்கள். வண்டின் விஷயம் எப்படியோ, வெட்டுவதற்கும் களைவதற்கும் என்று மாதத்தில் பாதியை ஒதுக்கிய புத்தி எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒன்றைக் கவனித்திருப்பீர்களா தெரியவில்லை. வளர்பிறை நிலா மாலை நிலா. வேலை முடிந்து வரும்போது மேற்கிலோ தலைக்கு மேலோ நிற்கும், குழந்தைகூடக் கைகாட்டும். பௌர்ணமி கழிந்தால் அது நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தாமதித்து எழும். தேய்பிறை அஷ்டமிக்கு நள்ளிரவு ஆகிவிடும். அதற்குப் பிறகு அதைப் பார்க்கக் கிடைப்பது பால்காரருக்கும் பூச்சந்தைக்குப் போகிறவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிக்கும்தான். நம்மில் பெரும்பாலோர் ஆயுளில் பாதி நிலாவைப் பார்ப்பதே இல்லை. தேய்பிறை என்றதும் ஏதோ குறைவு என்று மனம் சுருங்குவதற்கு இந்தப் பழக்கமின்மையும் காரணமாக இருக்கும். விடியற்காலை நாலரை மணிக்குக் கிழக்கே துவாதசிப் பிறையைப் பார்த்தவர் அதை வாடியது என்று சொல்ல மாட்டார். ஏறக்குறைய மூன்றாம் பிறையின் கீற்றுதான், கூடவே பெரும்பாலும் இன்னும் தெளிவான வானம்.

நம் பழைய ஓய்வு முறையில் எனக்குத் தீராத குறை ஒன்று உண்டு. அமாவாசை ஏர்மாட்டுக்கு ஓய்வு, தறிக்கு ஓய்வு, பாடத்துக்கு ஓய்வு. வீட்டுப் பெண்களுக்கு அன்றுதான் இரட்டை வேலை. விடிவதற்குள் தலைக்குக் குளித்து, வெங்காயம் பூண்டு இல்லாமல் தனிச் சமையல் சமைத்து, தர்ப்பணம் முடிந்து காக்கைக்கு வைத்துவிட்டு அவர்கள் சாப்பிட உட்காரப் பிற்பகல் ஆகும். ஏகாதசியில் அடுப்புக்குச் சற்று ஓய்வு என்றால், துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் தேடி விடியுமுன் எழ வேண்டும். பஞ்சாங்கம் கணித்தவர்கள் அடுக்களைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

இதை அம்மாவிடம் சொல்லி, அமாவாசைச் சமையலைச் சுருக்கிக்கொள்ளலாமே என்றேன். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு இலையில் பாதியா போடுவாய் என்றார். அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. யோசித்ததில் அனத்யயன வரிசையே கைகொடுத்தது. அமாவாசைக்கு மறுநாள் பிரதமை, பாடசாலையில் அன்றும் விடுமுறை. அதை அம்மாவின் நாள் ஆக்கினோம். காலை காபியிலிருந்து இரவு தோசை வரை அன்று என் பொறுப்பும் தம்பியின் பொறுப்பும். முதலில் அடுக்களை வாசலில் நின்று உப்புப் போட்டாயா, பெருங்காயம் எங்கே வைத்தேன் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஹாலில் உட்கார்ந்தார். இப்போது பிரதமையன்று காலை பஸ்ஸிலேயே சித்தி வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். பௌர்ணமிக்கு அடுத்து வருகிற பிரதமையும் கணக்கில் உண்டா என்று போன மாதம் கேட்டார். உண்டு என்று சொல்லியிருக்கிறோம்.