நாசிக் ஒயின் தோட்டத்தில் அரை நாள்: கிளம்பும் முன் இதைப் படிச்சிட்டுப் போங்க

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க மக்களே. உங்க வீட்ல ஷீரடி டூர் பேச்சு ஓடிட்டிருந்தா அவசியம் படிங்க.

போன வாரம் உறையூர் கிளினிக்ல ஒரு அம்மா. வீட்டுக்காரருக்கு சுகர் மாத்திரை எழுதி வாங்க வந்தவங்க, கிளம்பும்போது வாசல்ல நின்னு கேட்டாங்க.

"டாக்டர், குடும்பத்தோட ஷீரடி போறோம். அப்படியே நாசிக், திரியம்பகேஸ்வரர். அங்க ஏரிக்கரையில ஒயின் தோட்டம் இருக்காம். மருமகன் அதுக்கு அரை நாள் ஒதுக்கணும்ங்கறார். இவரையும் கூட்டிட்டுப் போகலாமா? ஒயின்தானே, பிராந்தியா என்ன?"

இதே கேள்விக்கு எட்டு வருஷம் முன்னாடி நான் ஒரு தப்பான பதில் சொல்லியிருக்கேன். அதை முதல்ல சொல்லிடறேன்.

அவருக்கு ஐம்பது வயசு தாண்டியிருக்கும். சர்க்கரைக்கு க்ளிமிபிரைடு மாத்திரை. நான் திட்டித் திட்டி பிராந்தியை நிறுத்த வெச்சிருந்தேன். ஒருநாள், "ஒயினாவது எடுத்துக்கலாமா சார்?"னு கேட்டார். வெளியே இருபது பேர் காத்திருக்காங்க. தலையைக்கூட நிமிர்த்தாம, "கொஞ்சம்னா பரவாயில்ல"ன்னேன்.

நான் மறந்துட்டேன். அவர் மறக்கல. அவருக்கு அது டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு மாதிரி.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு விசேஷ வீடு. மாத்திரையைப் போட்டுட்டு, சாப்பிடாம, அரை பாட்டில் ஒயின் குடிச்சுட்டுப் படுத்திருக்கார். விடியக்காலை மனைவி எழுப்பினா எழுந்திருக்கல. உடம்பெல்லாம் வேர்வை. தூக்கிட்டு வந்தாங்க. சுகர் 32. நரம்பு வழியா குளுக்கோஸ் ஏத்தினோம். சில நிமிஷத்துல கண்ணைத் திறந்தார்.

அந்த அம்மா என் மேல கோபப்படல. "நீங்க சொன்னதுதானே டாக்டர்"னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தா பரவாயில்லன்னு இன்னிக்கும் தோணும்.

என்ன நடந்துச்சு? நாம சாப்பிடாத நேரத்துல ரத்தத்துல சர்க்கரை குறையாம பார்த்துக்கறது கல்லீரல். ஆல்கஹால் உள்ளே வந்துட்டா அது அந்த வேலையை ஒதுக்கி வெச்சுட்டு ஆல்கஹாலைத்தான் கவனிக்கும். இன்னொரு பக்கம் மாத்திரை சர்க்கரையை இறக்கிட்டே இருக்கும். விளைவு குடிச்ச உடனே தெரியாம பல மணி நேரம் கழிச்சு, தூக்கத்துல கூட வரலாம். பக்கத்துல இருக்கறவங்க "போதை, தூங்கட்டும்"னு விட்டுடுவாங்க. அங்கதான் ஆபத்து.

சரி, நாசிக்குக்கு வருவோம். போகவே கூடாதுன்னு சொல்ல இந்த இழை இல்லை. நல்ல இடம், போங்க. எப்படிப் போறதுங்கறதுதான் விஷயம்.

திரியம்பகத்துல பிறக்கிற கோதாவரிக்கு நாசிக் நகரத்துக்கு மேற்கே கங்காபூர் அணை. 1965-ல் முடிஞ்ச மண் அணை. அதுல தேங்கி நிக்கற தண்ணிதான் "ஏரி". நமக்கு முக்கொம்பு மாதிரி, ஊர்க்காரங்க சாயங்காலம் காத்து வாங்கப் போற பக்கம். அந்த ரோட்டுலதான் சூலா, யார்க், சோமா எல்லாம் வரிசையா இருக்கு.

கலிஃபோர்னியாவுல வேலை பார்த்துட்டுத் திரும்பின ராஜீவ் சாமந்த் 90-களின் கடைசியில அங்க ஒயின் திராட்சை நட்டார். 2000-ல் முதல் ஒயின் விற்பனைக்கு வந்தது. அம்மா சுலபா பேரைச் சுருக்கி சூலான்னு வெச்சார். 2001-ல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதனிடும் தொழிலுக்குத் தனிக் கொள்கையே கொண்டு வந்தது. அப்புறம் ஒயினரிகள் பெருகிடுச்சு.

எந்த மாசம் போறது? ஜனவரி முதல் மார்ச் வரை. நம்ம கம்பம் பள்ளத்தாக்குல பன்னீர் திராட்சை வருஷம் முழுக்க எங்கேயாவது பழுத்துக்கிட்டே இருக்கும். நாசிக்ல அப்படி இல்லை. ஏப்ரல்ல ஒரு தடவை கொடியை வெட்டுவாங்க, மழை முடிஞ்சதும் செப்டம்பர், அக்டோபர்ல இன்னொரு தடவை. ரெண்டாவது வெட்டுக்கு அப்புறம் வர்ற பழம்தான் அறுவடைக்கு. ஜூலையில போனா ஊரே பச்சைப்பசேல்னு இருக்கும், ஆனா கொடியில கொத்து இருக்காது.

சனி, ஞாயிறு வேண்டாம், மும்பைக் கூட்டம் அள்ளும். ஜனவரி 26, அக்டோபர் 2 மாதிரி மது விற்காத நாளான்னும் பார்த்துக்கோங்க.

இப்ப கணக்கு. இது டாக்டர் வேலை.

டேஸ்டிங்னா வழக்கமா ஐந்தாறு வகை, ஒவ்வொண்ணும் 30 மி.லி. அளவுல ஊத்துவாங்க. "இதெல்லாம் ஒரு வாய்தானே"ன்னு தோணும். ஒயின்ல ஆல்கஹால் சுமார் 12.5 சதவீதம். 30 மி.லி.யில கிட்டத்தட்ட 3 கிராம். ஆறு வகைக்கு 18 கிராம். விஸ்கியில 30 மி.லி. பெக்குக்கு சுமார் 10 கிராம். அதாவது ஒரு டேஸ்டிங், ரெண்டு சின்ன பெக்குக்குக் கொஞ்சம் குறைவு. அரை நாள்ல ரெண்டு ஒயினரி பார்த்தா மூணரை பெக்.

கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். கடுங்காப்பி, மோர், எலுமிச்சைச் சாறு, தலைக்குக் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

நம்ம நாட்டுல வண்டி ஓட்டறவங்களுக்கு வரம்பு 100 மி.லி. ரத்தத்துல 30 மி.கி. அறுபது கிலோ எடை உள்ளவர் வெறும் வயித்துல, அரை மணி நேரத்துல அந்த ஆறு வகையையும் குடிச்சா இதைத் தாண்டிடலாம். முதல் தடவை பிடிபட்டாலே 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாசம் வரை சிறை, இல்லை ரெண்டும். இது போலீஸ் கணக்கு. லாரி போற ரோட்டுல நடக்கறது வேற கணக்கு.

அதனால என் திட்டம் இது:

ஒண்ணு, டிரைவரோட வண்டி. அவருக்கும் சாப்பாடு உங்க செலவு. "ஒரு வாய் அடிங்கண்ணே"ன்னு பாசம் காட்டாதீங்க.

ரெண்டு, காலை டிபன் வயிறு நிறைய. நாசிக்ல மிசல் பாவ் பிரமாதம்.

மூணு, ஒரே ஒயினரி. முதல்ல தோட்டம், அப்புறம் ஆலை, டேஸ்டிங், உடனே மதியச் சாப்பாடு, கடைசியா ஏரிக்கரை.

நாலு, ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு கிளாஸ் தண்ணி. துப்பறதுக்குன்னே பாத்திரம் வெச்சிருப்பாங்க, இல்லைன்னா கேளுங்க. ஒயின் ருசி பார்க்கறதையே தொழிலா வெச்சிருக்கறவங்க துப்பிடுவாங்க, முழுங்க மாட்டாங்க.

அஞ்சு, இவங்களுக்கு டேஸ்டிங் டிக்கெட்டே வேண்டாம்: கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் இருக்கறவங்க, வலிப்பு மாத்திரை, தூக்க மாத்திரை, டிபி மாத்திரை, மெட்ரானிடசோல் எடுக்கறவங்க, சுகருக்கு இன்சுலின் இல்லைன்னா க்ளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுக்கறவங்க. குடியை நிறுத்தினவங்க.

இந்தக் கடைசி ஆளைப் பத்தித்தான் இப்ப சொல்லப் போறேன்.

போன ஜனவரியில எங்க கல்லூரி நண்பர்கள் அஞ்சு பேர் நாசிக் போனோம். திட்டம் போடற வேலை எனக்கு. அதுல ஒருத்தன் குடியை விட்டு ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அவனும் டாக்டர்தான். டாக்டருக்கும் வரும் மக்களே, ஸ்டெதாஸ்கோப் தடுக்காது.

"நீங்க போய்ட்டு வாங்கடா. நான் ரூம்லயே இருந்துக்கறேன்"னு போன்ல சொன்னான். நான்தான் விடல. தோட்டத்தையும் ஏரியையும் பார்க்கலாம், டேஸ்டிங் ஹாலுக்கு நீ வர வேண்டாம், ரெண்டு ரெண்டு பேரா மாத்தி மாத்தி உன்கூட வெளியே இருக்கோம்னேன். அவனைப் பார்க்கற மனநல டாக்டர்கிட்டயும் கேட்கச் சொன்னேன். "போகாம இருந்தா நல்லது. போனா, எந்த நேரமும் கிளம்பற வழி கையில இருக்கணும்"னு அவர் சொல்லியிருக்கார்.

அதனால ஒரு ஏற்பாடு. அவன் "கிளம்பலாமா"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். யாரும் ஏன்னு கேட்கக் கூடாது. அஞ்சு பேரும் எழுந்துடணும்.

காலைக் குளிர்ல தோட்டத்துல நடந்தோம். கொடியில கொத்துக் கொத்தா பழம். அவன்தான் அதிகமா கேள்வி கேட்டான். வெள்ளை ஒயினுக்கு சாறை மட்டும் புளிக்க வைப்பாங்க, சிவப்புக்குத் தோலோட போடுவாங்கன்னு கைடு சொன்னார். "அப்ப கலர் தோல்லதான் இருக்கு"ன்னு ஒரு பழத்தை நசுக்கிப் பார்த்தான்.

அடுத்து ஆலைக்குள்ளே. ஆளுயரத்தைத் தாண்டின ஸ்டீல் தொட்டிகள். அறுவடை நேரம்கறதால உள்ளே சாறு நுரைச்சுட்டிருக்கு. கதவைத் திறந்ததும் வாசனை குப்புன்னு அடிச்சது. எங்களுக்கு அது பழ வாசனை. நான் திரும்பிப் பார்த்தேன். அவன் முகம் மாறியிருந்தது. கை பாக்கெட்டுக்குள்ள இறுகியிருந்தது.

"கிளம்பலாமா" என்றான்.

அஞ்சு பேருக்கு அரை நாள் போட்ட நான், கிளாஸைப் பத்தி மட்டும் யோசிச்சிருந்தேன். மூக்கைப் பத்தி யோசிக்கல. குடிநோய்ல வாசனை, இடம், பழைய நண்பர்கள் எல்லாமே தூண்டல். பாடம் நடத்தத் தெரிஞ்ச எனக்கு நண்பன் விஷயத்துல அது ஞாபகம் வரல.

டேஸ்டிங்குக்கு நாலு டிக்கெட் காசு கட்டியாச்சு. ஒருத்தன் வாயைத் திறந்தான், உடனே மூடிக்கிட்டான். வெளியே வந்தோம். வண்டியை எடுத்துட்டு அணைப் பக்கம் போய், ஒரு டீக்கடையில உட்கார்ந்தோம். பத்து நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் அவனே ஆரம்பிச்சான், ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி. மதியம் மூணு மணி வரைக்கும் அங்கேயே இருந்தோம்.

அதனால நாசிக் ஒயின் ருசி எப்படின்னு என்னைக் கேட்காதீங்க. எனக்குத் தெரியாது.

சரி, "ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதாமே டாக்டர்?" இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. 1991-ல் அமெரிக்க டிவி நிகழ்ச்சி ஒண்ணுல, பிரெஞ்சுக்காரங்க கொழுப்பு நிறைய சாப்பிட்டும் மாரடைப்பு குறைவு, காரணம் ரெட் ஒயினா இருக்கலாம்னு பேசினாங்க. அங்கே விற்பனை எகிறிடுச்சு. அப்போ வந்த ஆய்வுகள்ல ஒரு ஓட்டை. "குடிக்காதவங்க" பட்டியல்ல, உடம்பு கெட்டு நிறுத்தினவங்களும் இருந்தாங்க. அவங்களோட ஒப்பிட்டா அளவா குடிக்கறவங்க ஆரோக்கியமாத்தானே தெரிவாங்க?

மது வகைகள் புற்றுநோய் உண்டாக்கும்னு சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-லேயே முதல் பிரிவுல சேர்த்தாச்சு. புகையிலை இருக்கற அதே பிரிவு. இந்த அளவு வரைக்கும் பாதுகாப்புன்னு சொல்ல எந்த அளவும் இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில தெளிவா சொல்லிடுச்சு. ஒயினுக்குத் தனிச் சலுகை கிடையாது.

உறையூர்க்காரனுக்கு இது புரியறது கஷ்டமில்லை. நம்ம ஊர் சுருட்டு உலகப் புகழ். 1887-ல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸோட முதல் கதையில, கொலைகாரன் பிடிச்சது திருச்சினாப்பள்ளி சுருட்டுன்னு சாம்பலை வெச்சே ஹோம்ஸ் சொல்வார். சுருட்டின கைகளோட திறமை மேல எனக்கு மரியாதை உண்டு. அதுக்காக "தினம் ஒரு சுருட்டு நுரையீரலுக்கு நல்லது"ன்னு எழுதிக் கொடுப்பேனா? ஒயினும் அப்படித்தான். அது செய்நேர்த்தி உள்ள பொருள், மருந்து இல்லை.

அந்த அம்மாவுக்கு என்ன சொன்னேன்?

இந்த முறை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, உட்காரச் சொல்லிட்டுத்தான் பேசினேன். "கூட்டிட்டுப் போங்கம்மா. தோட்டம் பாருங்க, ஏரி பாருங்க. அவருக்கு டேஸ்டிங் டிக்கெட் எடுக்காதீங்க. மாத்திரை போட்டா நேரத்துக்குச் சாப்பாடு. கைப்பையில நாலு குளுக்கோஸ் பாக்கெட். மருமகன் ருசி பார்த்தா அன்னிக்கு வண்டி ஓட்டக் கூடாது."

"அவர் மட்டும் சும்மா நின்னா சங்கடப்படுவாரே?"ன்னாங்க.

"அப்ப நீங்க கூட நில்லுங்க. மருமகனையும் நிக்கச் சொல்லுங்க."

உங்களுக்கும் அதேதான். கூட்டத்துல யார் குடிக்கக் கூடாதோ, அவரை நடுவுல வெச்சுத் திட்டம் போடுங்க. அவர் "கிளம்பலாமா"ன்னு சொன்னா எழுந்துடுங்க.

உங்க வீட்ல யாராவது தினமும் குடிக்கறவங்களா இருந்தா, திடீர்னு நிறுத்தச் சொல்லாதீங்க. கை நடுக்கம், வலிப்பு, குழப்பம் வரலாம். மருத்துவர் துணையோட நிறுத்தணும். எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலைன்னா டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்க. இலவசம், தமிழ்லயே பேசலாம்.

என் நண்பனுக்கு இந்த ஜனவரியோட மூணு வருஷம். அடுத்த டூர் திட்டம் அவன் கையில. எங்க கூட்டிட்டுப் போகப் போறான்னு இன்னும் சொல்லல.