சுத்துற உலை: எது தங்கும், எது பறக்கும்?

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். நடுவுல கெமிஸ்ட்ரி வேற வரும். பயப்படாம படிங்க, கடைசியில பரீட்சை எல்லாம் கிடையாது :-)

அரியலூர் பக்கம் பஸ்ல போனவங்க சிமென்ட் ஆலைகளை கட்டாயம் பார்த்திருப்பீங்க. உயரமா நிக்கிற டவர் தான் முதல்ல கண்ணுல படும். ஆனா ஆலையோட உயிர் அதுல இல்லை. டவருக்கு அடியில படுக்க வெச்ச ராட்சச பைப் ஒண்ணு, லேசா ஒரு பக்கம் சாய்ஞ்சு, ராத்திரி பகலா சுத்திக்கிட்டே இருக்கும். அதுதான் கில்ன். நம்ம ஊர்ல கில்னுன்னு தான் சொல்லுவாங்க, சுழல் உலைன்னு சொன்னா யாருக்கும் தெரியாது. அறுபது எழுபது மீட்டர் நீளம், உள்ளுக்குள்ள நெருப்புச் செங்கல். மேல்பக்கம் சுண்ணாம்புக்கல் மாவு இறங்கும், கீழ்பக்கத்துல இருந்து தீ ஊதும். சுத்தச் சுத்த மாவு உருண்டு கீழே வந்து 1450 டிகிரியில வெந்து கிளிங்கரா விழும். அதை அரைச்சா சிமென்ட்.

எங்க மாமா (அம்மாவோட அண்ணன்) அந்தப் பக்கம் ஒரு ஆலையில முப்பது வருஷத்துக்கு மேல பர்னரா இருந்து ரிடையர் ஆனவர். பர்னர்னா கில்ன் முன்னாடி நின்னு நீலக் கண்ணாடி வழியா தீயைப் பார்த்து "வேகலை, கொஞ்சம் கரி கூட்டு", "வெந்து போச்சு, குறை"ன்னு சொல்ற ஆள். சின்ன வயசுல என்கிட்ட அவர் அடிக்கடி சொன்ன ஒரு விஷயம் இன்னும் ஞாபகம் இருக்கு. சூடா இருக்கிற கில்ன் நிக்கவே கூடாதாம். கரண்ட் போனாலும் டீசல் எஞ்சினை வெச்சு மெதுவா உருட்டிக்கிட்டே இருக்கணுமாம். இல்லைன்னா வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிரும்.

(பொட்டி தட்டுறவங்களுக்கு ஒரு இடைச்செருகல். மாமா மாதிரி ஆளுங்க பேசுற "கொஞ்சம் சூடு, ரொம்ப சூடு, லேசா குறை" பாஷையை அப்படியே விதிகளா எழுதி 1980 வாக்குல டென்மார்க்ல ஒரு சிமென்ட் கில்னை ஓட்டினாங்க. ஃபஸ்ஸி லாஜிக் தொழிற்சாலைக்குள்ள காலெடுத்து வெச்சது அப்படித்தான். நாங்க காலேஜ்ல படிச்சப்போ வாஷிங் மெஷின் உதாரணம் தான் கொடுத்தாங்க. ஹூம்.)

இப்போ மேட்டருக்கு வர்றேன். மாமா ஊர்ல இருக்கிற ஆலையில வெளிக்குப்பையையும் கம்பெனிக் கழிவையும் கில்ன்ல எரிக்கப் போறாங்க, அதுக்கு கருத்துக் கேட்புக் கூட்டம் வருதுன்னு பேச்சு. மாமா போன் பண்ணி, "மாப்ள, நீ இஞ்சினியரு தானே, இது நல்லதா கெட்டதா? ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றான். நான் அந்தக் கில்னை ஓட்டுனவன், என்னையே கேக்குறானுங்க"ன்னார். "மாமா, நான் இஞ்சினியர் தான், ஆனா படிச்சது வேற, பார்க்கிறது வேற. ஒரு வாரம் டைம் கொடுங்க"ன்னு சொல்லிட்டு ஆபீஸ்ல ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரம் எல்லாம் படிச்சேன். அதோட விளைவு தான் இந்தப் பதிவு.

படிச்சதுல எனக்குப் பெரிய ஆச்சரியம், இதே பைப்பை வேற ஒரு தொழில்ல தலைகீழான காரியத்துக்கு வெச்சிருக்காங்கங்கிறது. ஜெர்மன்ல 'வேல்ட்ஸன்'னா உருளுறது. 1920-கள்ல அங்கே வளர்த்தெடுத்த முறைக்கு 'வேல்ஸ் முறை'ன்னே பேர் வந்திருச்சு. ஆரம்பத்துல துத்தநாகம் கம்மியா இருக்கிற மட்டமான தாதுவையும், உருக்காலைகள் கொட்டி வெச்ச கசடையும் இதுல போட்டாங்க. கூட கோக் கரி. 1200 டிகிரி வாக்குல கரி ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கும், துத்தநாகம் உலோகமாகும். ஆனா துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிக்கிற ஜாதி. அதனால உருகி நிக்காது, ஆவியா பறந்திரும். பறந்த கையோட உலைக்குள்ள இருக்கிற காத்துல மறுபடி எரிஞ்சு வெள்ளைத் தூளாகும். அந்தத் தூளை ஃபில்டர்ல பிடிச்சா அதுதான் சரக்கு. இரும்பு, கல்லு, மண்ணு எல்லாம் பறக்காம உருண்டு கீழ்வாசல் வழியா கசடா விழுந்திரும்.

(ஆவியாக்கிப் பிடிக்கிற வித்தை நமக்குப் புதுசு இல்லை. ஐரோப்பா துத்தநாகம் காய்ச்சக் கத்துக்கிறதுக்கு முன்னாடியே ராஜஸ்தான்ல ஜாவர்ங்கிற ஊர்ல கத்தரிக்காய் வடிவ மண் குடுவையில தாதுவை அடைச்சு, கவுத்து வெச்சு, ஆவியைக் கீழே இறக்கிக் குளிர வெச்சுப் பிடிச்சிருக்காங்க. ஒரு உலைக்கு 36 குடுவை. வேலை முடிஞ்ச குடுவைகளை அடுக்கியே வீட்டுச் சுவர் எழுப்பியிருக்காங்க.)

இன்னைக்கு வேல்ஸ் உலைகளுக்கு முக்கியத் தீனி தாது இல்லை, இரும்பாலைத் தூசி. பழைய கார், பழைய தகரக் கூரை எல்லாத்துலயும் துருப்பிடிக்காம இருக்க துத்தநாகப் பூச்சு இருக்கும் இல்லையா? அதை ஆர்க் ஃபர்னஸ்ல போட்டு உருக்கும்போது பூச்சு ஆவியாகி தூசியோட போய் ஃபில்டர்ல மாட்டும். ஒரு டன் இரும்புக்கு 15-20 கிலோ தூசி. அதுல துத்தநாகம் மட்டும் இல்லை, ஈயமும் காட்மியமும் உண்டு. சும்மா கொட்டினா மழைத்தண்ணியில கரைஞ்சு நிலத்தடிக்கு இறங்கும். வேல்ஸ் உலையில போட்டா பாதிக்கு மேல துத்தநாகமா இருக்கிற தூள் திரும்பக் கிடைக்கும். விஷக்குப்பை, தாது ஆயிருச்சு. நல்ல வேலைதான், எனக்கு இதுல மறுபேச்சு இல்லை.

இப்போ ரெண்டு உலையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. உருட்டுறது ஒண்ணுதான், சாய்வு ஒண்ணுதான், சூடும் கிட்டத்தட்ட பக்கம் பக்கம். வேல்ஸ் உலையில பறக்கிறது தான் லாபம், அதனால ஒரு கிலோ தப்பிச்சாலும் முதலாளிக்கு வயிறு எரியும். சிமென்ட் கில்ன்ல கீழே விழுறது தான் லாபம். பறக்கிறதைப் பத்தி முதலாளி தானா கவலைப்பட ஒரு காரணமும் இல்லை. சட்டம் தான் கவலைப்பட வைக்கணும்.

கில்ன்ல கழிவை எரிக்கிறதுக்கு ஆதரவா சொல்றவங்க "1450 டிகிரி சார், எல்லாம் பஸ்பம்"னு சொல்லுவாங்க. பிளாஸ்டிக், பெயிண்ட், எண்ணெய், கரைப்பான் மாதிரி கரிமப் பொருளுக்கு அது பெரும்பாலும் உண்மை. சரியான வாசல் வழியா போட்டா உடைஞ்சு எரிஞ்சிரும். குரோமியம், நிக்கல் மாதிரி பறக்காத உலோகமும் கிளிங்கருக்குள்ளேயே கட்டுப்பட்டுக் கிடக்கும். ஆனா உலோகத்தை எந்தத் தீயும் அழிக்காது, இடம் தான் மாத்தும். பாதரசம், தாலியம், காட்மியம், ஈயம் இதெல்லாம் பறக்கிற கோஷ்டி. குப்பையில பி.வி.சி. இருந்தா அதுல இருக்கிற குளோரின் சேர்ந்து இந்தக் கோஷ்டிக்கு இன்னும் ரெக்கை கட்டி விட்டுரும்.

லெங்கெரிஷ்னு ஜெர்மனியில ஒரு சின்ன ஊர். 1979. அங்கே ஒரு சிமென்ட் ஆலையைச் சுத்தி செடிகொடி எல்லாம் கெட்டுப் போக ஆரம்பிச்சுது. தேடிப் பார்த்தா தாலியம். ஒரு காலத்துல எலிமருந்துல போட்ட சமாச்சாரம், உடம்புல ஏறினா முடி கொட்டும், நரம்பு பாதிக்கும். எங்கே இருந்து வந்துச்சு? சிமென்ட்ல இரும்புச்சத்து கொஞ்சம் வேணும்னு பைரைட் தாதுவை வறுத்து எடுத்த கழிவைச் சேர்த்திருக்காங்க. மலிவு, மறுசுழற்சி, எல்லாருக்கும் சந்தோஷம். அந்தக் கழிவுல துளித்துளி தாலியம் இருந்திருக்கு. உலையில அது ஆவியாகும், மேலே போய் குளிர்ந்து தூசியில ஒட்டும், ஃபில்டர்ல பிடிச்ச தூசியை வீணாக்கக் கூடாதுன்னு திரும்ப உலையிலேயே போடுவாங்க. நம்ம பாஷையில சொன்னா, வெளியேற வழி இல்லாத லூப், ஒவ்வொரு சுத்துக்கும் மெமரி ஏறிக்கிட்டே போகுது. ஏறி ஏறி, கடைசியில ஃபில்டரையும் தாண்டி ஊருக்குள்ள போயிருச்சு.

அந்த ஊர்க்காரங்களைச் சோதிச்சுப் பார்த்ததுல, வீட்டுத் தோட்டத்துல விளைஞ்ச காய்கறி சாப்பிட்டவங்களுக்குத் தான் தாலியம் கூடுதல். மூச்சுக்காத்தை விட சோத்து வழியா தான் அதிகம் போயிருக்கு.

இதைப் படிச்சப்போ எனக்கு அத்தையோட கொல்லைப்பக்கம் தான் கண்ணுக்குள்ள வந்துச்சு. அவரைப் பந்தல், முருங்கை, நாலு கத்தரிச் செடி. லீவுக்குப் போனா கீரையைப் பறிச்சு மூணு தண்ணி விட்டு அலசுவாங்க. முதல் தண்ணி சாம்பல் கலர்ல போகும். "சிமிட்டித் தூசிடா, கழுவுனா போயிரும்"பாங்க. அந்தத் தூசி பெரும்பாலும் சுண்ணாம்பு தான், அதனால தாலியம் இருக்குன்னு நான் சொல்ல வரலை. ஆனா கண்ணுக்குத் தெரியுற தூசியைக் கழுவிரலாம், மண்ணுக்குள்ள சேர்றதை எந்தத் தண்ணியில அலசுறது?

மறுபடி மாமாகிட்ட பேசினேன். "அப்போ எதிர்த்துப் பேசணுங்கிறியா?"ன்னார். அப்படி ஒரே வார்த்தையில எனக்குச் சொல்ல வரலை மாமா, எதை எரிக்கப் போறாங்கன்னு முதல்ல கேளுங்கன்னேன். நகரத்துக் குப்பையை மலையா குவிச்சு வெச்சா அது தானா பத்திக்கிட்டு பத்து கிலோமீட்டருக்குப் புகையும், அதுக்கு ஃபில்டரும் கிடையாது சிம்னியும் கிடையாது. அதுல தரம் பிரிச்ச பிளாஸ்டிக்கைக் கில்ன்ல எரிக்கிறது எவ்வளவோ மேல், நிலக்கரியும் மிச்சம். நிலக்கரியிலேயும் பாதரசம் உண்டுங்கிறதை மறந்துரக் கூடாது. ஆனா உலோகம் கலந்த கம்பெனிக் கழிவு வேற கதை. லாரிக்கு லாரி சோதிச்சு, பாதரசமும் காட்மியமும் தாலியமும் எவ்வளவுன்னு பார்த்து, வேண்டாம்னா திருப்பி அனுப்புற லேப் ஆலைக்குள்ள இருக்கான்னு கேட்கணும். பிடிச்ச தூசி எங்கே போகுதுன்னு கேட்கணும்.

நம்ம நாட்டுச் சட்டமும் மோசம் இல்லை. கழிவு எரிக்கிற சிமென்ட் ஆலைகளுக்கு 2016-ல வந்த அளவுகோல்படி காட்மியமும் தாலியமும் சேர்ந்து ஒரு கன மீட்டர் புகைக்கு 0.05 மில்லிகிராம் தான். பாதரசத்துக்குத் தனியா அதே 0.05. 2017-ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழிகாட்டுதலும் போட்டிருக்கு. சிக்கல் எங்கேன்னா, சிம்னியில இருபத்து நாலு மணி நேரமும் அளக்கிற மெஷின் தூசியையும் கந்தக, நைட்ரஜன் வாயுக்களையும் தான் பார்க்கும். உலோகத்தை ஆள் ஏறி சாம்பிள் எடுத்து லேப்ல தான் பார்க்கணும். அதாவது எப்பவாவது ஒரு நாள்.

இங்கே தான் மாமா என்னைத் தூக்கிச் சாப்பிட்டார். "அப்போ ரா மில் ஓடுற நாளாப் பார்த்து எடுத்துருவானுங்களே மாப்ள"ன்னார். எனக்கு முதல்ல புரியலை. அப்புறம் விளக்கினார். சுண்ணாம்புக்கல்லை மாவாக்குற மில்லுக்குள்ள தான் கில்னோட புகையை விட்டு மாவைக் காய வைப்பாங்க. மில் ஓடும்போது புகை குளிர்ந்து, குளிர்ந்த மாவுல பாதரசம் நிறைய ஒட்டிக்கும், சிம்னிக்குப் போறது கம்மி. மில்லை ரிப்பேருக்கு நிறுத்தினாலும் கில்ன் ஓடும் (நிறுத்தக் கூடாதே!), அப்போ புகை நேரா ஃபில்டருக்குப் போகும், சிம்னியில பாதரசம் ஏறும். நான் பிறகு தேடிப் பார்த்தேன், மாமா சொன்னது அட்சரம் பிசகாம சரி. பாதரசம்கிற பேரு அவருக்குத் தெரியாது. "மில் நின்னா புகை வேற மாதிரி இருக்கும்"ங்கிறது தெரியும்.

அதனால கூட்டத்துல அவர் கேட்கப் போற கேள்வியை அவரே எழுதிட்டார், நான் டைப் மட்டும் பண்ணிக் கொடுத்தேன்: "சாம்பிள் எடுக்கும்போது ரா மில் ஓடுச்சா, நின்னுச்சா? ரெண்டு நாள்லயும் எடுத்த கணக்கை ஊர்ப் பஞ்சாயத்து போர்டுல ஒட்டுவீங்களா?" கூடவே என் பங்குக்கு, ஆலையைச் சுத்தி இருக்கிற தோட்டத்து மண்ணையும் கீரையையும் எரிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு தடவை சோதிச்சு வைக்கணும்னு ஒரு வரி சேர்த்தேன். பிறகு ஏதாவது ஏறினா, எங்கே இருந்து ஏறுச்சுன்னு ஒப்பிட ஏதாவது வேணுமே.

பி.கு. 1: அரியலூர், ஆலங்குளம், கரூர்னு சிமென்ட் ஆலை பக்கத்துல இருக்கிற பதிவர்கள் யாராச்சும் உங்க ஊர்ல இந்த மாதிரி மண் சோதனை நடந்திருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. கும்மி அடிக்கிறவங்க அடுத்த மொக்கைப் பதிவு வரைக்கும் பொறுத்துக்கங்க :-)

பி.கு. 2: மாமாவோட நீலக் கண்ணாடி இன்னும் வீட்ல இருக்கு.