66 வயதில் ஒன்றாம் வகுப்பு



ஆறு மாதமாக மலையாளம் படிக்கிறேன். மகன் குடும்பம் எர்ணாகுளத்தில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். மருமகள் மலையாளி. பேத்தி அங்கே ஒன்றாம் வகுப்பு. போன முறை நான் போயிருந்தபோது ஒரு கதைப் புத்தகத்தோடு மடியில் வந்து உட்கார்ந்து, "பாட்டி, வாயிச்சு தா" என்றாள். 34 வருடம் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவளுக்கு அதில் பல எழுத்து தெரியவில்லை. படத்தைப் பார்த்து ஏதோ கதை சொன்னேன். "இதுல அப்படி இல்ல பாட்டி" என்று புத்தகத்தை மூடிவிட்டாள்.

ஊருக்கு வந்ததும் செல்போனில் தேடினேன். பைசா செலவில்லை. கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' என்ற இணைய நூலகத்தில் சிறுவர் கதைகளை நிலை 1 முதல் 4 வரை பிரித்து வைத்திருக்கிறார்கள். பல கதைகள் மலையாளத்திலும் உண்டு, தமிழிலும் உண்டு. முதலில் மலையாளத்தில் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பிறகு தமிழில் திறந்து என் தப்பை நானே திருத்துவேன்.

தெரிந்த சொல்தான் நம்மைக் கவிழ்க்கும். ஒரு பக்கத்தில் 'வெள்ளம்' என்று பார்த்ததும் ஊரே மூழ்கிவிட்டது என்று நினைத்தேன். குழந்தை குடிக்கத் தண்ணீர் கேட்கிறது, அவ்வளவுதான். 'பட்டி' என்றால் நாய். துணைக்காலை விட்டால் பாட்டியின் கதி என்ன, பாருங்கள்!

சந்தேகம் வந்தால் குண்டர்ட் அகராதி. 1872-ல் வந்தது. ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. ஜெர்மனியிலிருந்து வந்த ஹெர்மன் குண்டர்ட் முதலில் தமிழ் கற்று, பிறகு மலையாளம் கற்றவர். எனக்கும் அதே வரிசை என்று ஒரு சின்னப் பெருமை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஒரு நாள் ராத்திரி இரண்டு வரி படிக்கப் பத்து நிமிடம் ஆனது. கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துவிட்டது. எழுத்து தெரிகிறது, பொருள் வரவில்லை. அப்போது மூன்றாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பையன் ஞாபகம் வந்தது. அவன் எழுந்து நின்று எழுத்துக்கூட்டுவான். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் "சரி, அடுத்தது யாரு?" என்பேன். சோம்பேறி என்றுதான் நினைத்திருந்தேன். அவன் தலைக்குள் எவ்வளவு வேலை நடந்திருக்கும்! ஆசிரியர் பயிற்சியில் இதையெல்லாம் படித்துப் பரீட்சையும் எழுதினேன். புரிந்தது இப்போதுதான்.

என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஒரே பக்கத்தை நூறு தடவை திறந்தாலும் கேட்க ஆளில்லை. அந்த அவகாசத்தை அவனுக்கு நான் கொடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேத்திக்கு ஒரு கதை வாசித்தேன். நிலை 1 கதைதான். மூன்று இடத்தில் திக்கினேன். நான் சொல்லி முடிக்கும் வரை குழந்தை பேசாமல் காத்திருந்தாள்.

என் வகுப்பில் அப்படித் திக்கி நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், டீச்சரை மன்னித்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை எழுத்துக்கூட்டும்போது அவசரப்படுத்தாதீர்கள். அந்தச் சொல்லை அதுவே முடிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்